புகலிட வழக்குக்கு இலவசச் சட்ட உதவி: ஐந்துக்கு நான்கு

தன்பாலீர்ப்பாளன் என்பதால் உதைபட்டு நாட்டை விட்டு வந்தவன் நான். இந்த மையத்து வழக்கறிஞர் காயத் தழும்புகளைப் பற்றிக் கடைசியில்தான் கேட்டார். எந்த வயதில் உங்களுக்கே தெரிந்தது, யாரிடமெல்லாம் மறைத்தீர்கள் என்பதில்தான் முதல் சந்திப்பு முழுக்கப் போனது. 1951 அகதிகள் உடன்படிக்கையில் எங்களைப் பற்றித் தனியாக ஒரு வரியும் இல்லை. அதில் அகதியாக ஏற்கச் சொல்லும் காரணங்களில் ஒன்றான 'குறிப்பிட்ட சமூகக் குழு' என்ற பிரிவில்தான் பெரும்பாலும் வாதாடுவார்களாம். அந்தரங்கப் படங்கள் உதவுமா என்றேன். வேண்டவே வேண்டாம் என்றார். அதை ஆதாரமாக ஏற்கக் கூடாதென்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014-லேயே சொல்லிவிட்டது. பயந்து மறைந்து வாழ்பவரும் அகதியே என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2010-ல் தீர்ப்பளித்ததையும் எடுத்துக்காட்டினார். மனசு கொஞ்சம் லேசானது.

ஒரு நட்சத்திரம் குறைத்தது வரவேற்பறைக்காக. காத்திருப்பவர்கள் நடுவே என் பெயரையும் வழக்கு வகையையும் சத்தமாகப் படித்தார் ஒரு ஊழியர். இதற்குப் பயந்துதானே ஓடி வந்தோம்! அப்புறம் மொழிபெயர்ப்பாளர்: முதலில் வந்தவர் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். வாய் திறக்கவில்லை நான். வேறு ஆள் கேட்டதும் முகம் சுளிக்காமல் மாற்றினார்கள். எப்படிப்பட்ட மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள், ஒரு சந்திப்பு மிச்சமாகும்.