9 வருடம் எல்பிஜி கேஸில் ஓடிய பழைய கேம்பர் வேன்

1980களின் கடைசியில் வந்த வண்டி. 2 லிட்டருக்குச் சற்றுக் குறைவான பெட்ரோல் எஞ்சின், பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்பும் பழைய கார்புரேட்டர், உள்ளே இரண்டு பேர் படுக்கக் கட்டில், ஒரு சின்ன அடுப்பு. மேடு ஏறும்போது லாரிகளே ஹாரன் அடித்து முந்திப் போகும். குடிப்பதில் மட்டும் குறை வைக்காது, லிட்டருக்கு 8 கிலோமீட்டர்தான். பெட்ரோல் வண்டியைக் கேஸிலும் ஓடவைக்கும் எல்பிஜி கிட் போட்டது அந்த ஒரே காரணத்துக்காக. சுற்றுச்சூழலைப் பற்றியெல்லாம் அப்போது யோசிக்கவில்லை, பொய் சொல்வானேன்.

கிட் போட்டு 9 வருடத்தில் சுமார் 1,10,000 கிலோமீட்டர் ஓடியாயிற்று. வழியில் ஐந்து தடவை படுத்துவிட்டது. ஐந்து தடவையும் நான் முதலில் திட்டியது கேஸ் கிட்டை. நான்கு தடவை பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

முதலில் மைலேஜ். பெட்ரோலில் 8 கொடுத்த வண்டி கேஸில் 6.5 கொடுக்கிறது. கிட் சரியில்லை என்று இதற்காக மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போகவேண்டாம். ஒரு லிட்டர் எல்பிஜியில் இருக்கும் ஆற்றலே பெட்ரோலில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். கேஸ் விலை பெட்ரோல் விலையில் 80 சதவீதத்தைத் தாண்டினால் என் கணக்கில் லாபம் காலி. டேங்கின் அளவையும் நம்பி ஏமாறக்கூடாது. சூட்டில் திரவம் விரியும் என்பதால் 80 சதவீதத்தோடு உள்ளிருக்கும் வால்வு அடைத்துக்கொள்ளும். 60 லிட்டர் டேங்கில் 48 லிட்டர் பிடிக்கும், 310 கிலோமீட்டர் போகலாம். டாஷ்போர்டில் எரியும் நான்கு விளக்குகளைப் பார்த்து மீதியைக் கணிப்பது ஜோசியம். நான் ட்ரிப் மீட்டரைத்தான் பார்க்கிறேன்.

காலையில் எப்போதும் பெட்ரோலில்தான் ஸ்டார்ட். டேங்கிலிருந்து திரவமாக வரும் கேஸ், அழுத்தத்தைக் குறைக்கும் ரெட்யூசரில்தான் ஆவியாகிறது. அதற்கு வேண்டிய சூட்டை எஞ்சினைக் குளிர்விக்கும் நீரான கூலன்ட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறது. எஞ்சின் சூடேறாமல் கேஸுக்கு மாற்றினால் ரெட்யூசர் உறைந்துபோகும். கார்புரேட்டர் வண்டியில் சுவிட்சுக்கு மூன்று நிலை உண்டு: பெட்ரோல், நடு (இரண்டும் அடைப்பு), கேஸ். நடுவில் வைத்து, கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் லேசாக இருமும்போது கேஸுக்குத் தள்ளவேண்டும். முதல் மாதம் அவசரப்பட்டு நேராகத் தள்ளினேன். இரண்டு எரிபொருளும் ஒன்றாக உள்ளே போய், சிக்னலில் அணைந்து நின்றது.

இனி அந்த ஐந்து தடவை. முதலாவது, நல்ல வெயில் நாளில் ரெட்யூசர் மேல் வெள்ளையாகப் பனி படிந்து வண்டி நின்றது. கேஸில் கலப்படம் என்று முடிவே கட்டிவிட்டேன். பார்த்தால் ஒரு ஹோஸில் ஊசித்துளை அளவு கசிவு, கூலன்ட் குறைந்து ரெட்யூசருக்குள் காற்று அடைத்திருந்தது. பெட்ரோலிலேயே ஓட்டியிருந்தால் எஞ்சின் கொதித்த பிறகுதான் தெரிந்திருக்கும்.

இரண்டாவது, பெட்ரோலில் பூப்போல ஓடும், கேஸில் மேடு ஏறினால் உதறும். ஒருநாள் வெடிச்சத்தம். ஏர் ஃபில்டர் மூடி கழன்று தெறித்தது. கேஸை எஞ்சினுக்கு முன்பே காற்றோடு கலக்கும் மிக்சர் வகைக் கிட்டில், காற்று உள்ளே போகும் இன்டேக் குழாய் முழுக்க எரியக்கூடிய கலவைதான் இருக்கும், தீ பின்னோக்கிப் பாயும் பேக்ஃபயர் வந்தால் அங்கேதான் வெடிக்கும். கேஸ் கலவையில் பொறி தாவப் பெட்ரோலைவிடக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும். என் ப்ளக் ஒயர்கள் அதற்குத் தாங்காத கிழடு. ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ப்ளக் எல்லாம் புதிதாகப் போட்டு, ப்ளக் இடைவெளியைக் கொஞ்சம் குறைத்ததோடு சரியாயிற்று.

மூன்றாவதற்கு முழுக்க முழுக்க நானே காரணம். தினம் இரண்டு நிமிடம் மட்டும் பெட்ரோலில் ஓடினால், டேங்கில் இருக்கும் பெட்ரோல் மாதக்கணக்கில் கிடந்து பிசினாகிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட் அடைத்துக்கொண்டது. டேங்க் நிறையக் கேஸ் இருந்தும் குளிரில் ஸ்டார்ட் ஆகவில்லை. இப்போது கால் டேங்குக்கு மேல் பெட்ரோல் போடுவதில்லை, மாதம் ஒருமுறை 30 கிலோமீட்டர் பெட்ரோலில் ஓட்டிவிடுகிறேன். நான்காவது, பேட்டரியின் எர்த் ஒயர் துருப்பிடித்தது. கரன்ட் போனால் கேஸை அடைக்கும் மின்வால்வான சோலினாய்டு தானாக மூடிக்கொள்ளும், அப்படித்தான் மூடவேண்டும்.

ஐந்தாவது மட்டும் கிட்டின் கணக்கு. ஆறாவது வருடத்தில் ரெட்யூசருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வான டயாஃப்ரம் விறைத்து, நின்றபடி எஞ்சின் ஓடும் ஐட்லிங் தள்ளாடத் தொடங்கி ஒருநாள் நின்றேவிட்டது. கேஸோடு வரும் பிசுக்கு எண்ணெய் உள்ளே தேங்குகிறது. அடியில் இருக்கும் திருகைக் கழற்றி, எஞ்சின் சூடாக இருக்கும்போது அவ்வப்போது அதை வடித்திருக்கவேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை.

வண்டியை நிறுத்தாமல் பணத்தைக் கரைத்தது வால்வு சீட், அதாவது எஞ்சின் வால்வு வந்து உட்காரும் வளையம். ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த பழைய எஞ்சின் ஹெட்களில் (எஞ்சினின் மேல்பாகம்) சீட் மென்மையாக இருக்கும். ஈயம்தான் அதைக் காத்துவந்தது; கேஸில் அதுவும் இல்லை, வேறு எதுவும் இல்லை. எக்ஸாஸ்ட் வால்வு மெல்ல மெல்ல உள்ளே அமிழ்ந்து, வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ள டேப்பட் இடைவெளி சுருங்கும். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அளந்து குறித்துவைத்ததால் கண்டுபிடித்தேன். 60,000ஐத் தொட்டபோது ஹெட்டைக் கழற்றிக் கடினமான சீட் போட்டோம். அதற்குப் பிறகு அந்த எண் அசையவில்லை. எண்ணெய் அழுத்தத்தால் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட் உள்ள எஞ்சினில் அளக்க இடைவெளியே கிடையாது என்பதால், அந்த வகை வண்டியை நான் கொஞ்சம் பயத்தோடுதான் பார்ப்பேன். எஞ்சின் ஆயில் மட்டும் கண்ணுக்குக் குளிர்ச்சி, மாற்றும் நாள் வரையிலும் பெரிதாகக் கறுப்பதில்லை.

எல்லோரும் கேட்பது: அடுப்பையும் அதே டேங்கிலிருந்து எரிக்கலாமா? கூடாது. எஞ்சினுக்கான டேங்கில் குழாய் அடிவரை இறங்கித் திரவத்தை எடுக்கிறது. அடுப்புக்கு வேண்டியது மேலே நிற்கும் ஆவி. எனக்கு அடுப்புக்குத் தனி சிலிண்டர், தனி ரெகுலேட்டர். இந்தக் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தங்கும். அதற்காகவே வேன் தரையில் திறப்புகள் உண்டு. அதன் மேல் பாய் விரித்து ஒரு குளிர்கால இரவு முழுக்கத் தூங்கியிருக்கிறேன். இன்று நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. இப்போது கேஸ் அலாரம் கட்டிலுக்குக் கீழே, கணுக்கால் உயரத்தில் இருக்கிறது.

நிலத்தடி பார்க்கிங் பல இடங்களில் எல்பிஜி வண்டியை உள்ளே விடுவதில்லை. ஐரோப்பாவில் சுற்ற நினைப்பவர்களுக்கு: கேஸ் நிரப்பும் வாய் நாட்டுக்கு நாடு மாறும், அடாப்டர் இல்லாமல் கிளம்பவேண்டாம்.

சில நாடுகளில் கேஸ் டேங்குக்கு 10 வருடம்தான் ஆயுள் என்று சட்டமே இருக்கிறது. என் டேங்கில் பொறித்திருக்கும் தேதிக்கு இன்னும் எட்டு மாதம் பாக்கி. அதே அளவில் புது டேங்க் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பழையதைத் தாங்கும் பட்டைகளில் ஒன்று துருவேறிக் கிடக்கிறது, அதையும் சேர்த்தே மாற்றவேண்டும்.