கனவுத் திட்டமா, கேம் ஜாமா, பிகோ-8-ஆ?

வேலை முடிந்து வந்து இரவு ஒன்பதரைக்கு மேல் லேப்டாப்பைத் திறந்து கேம் எழுதுகிறவர்களுக்குத் தொடங்குவதில் சிரமமே இல்லை. பாத்திரம் திரையில் ஓடும், குதிக்கும்; அந்த வாரம் தூக்கமே வராது. தொடக்க மெனு, சேவ் வசதி, ஒலி, தோற்றவர் மறுபடி ஆட வழி என்று பாக்கி வேலைகள் வரிசை கட்டும்போதுதான் கை நின்றுவிடுகிறது. என்னிடம் அப்படிப் பாதியில் நிற்பவை ஒன்பது. முடிப்பதற்கு மூன்று வழிகளில் முயன்றிருக்கிறேன்.

முதல் வழி, மனதிலிருக்கும் பெரிய விளையாட்டையே நேராகக் கட்டுவது. ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய விளையாட்டைப் பார்த்துத்தான் பலரும் இதில் இறங்குகிறோம். எரிக் பரோன் நிரல், ஓவியம், இசை எல்லாவற்றையும் தனியாளாகச் செய்து 2016 பிப்ரவரியில் வெளியிட்டார். ஆனால் அதற்குச் சுமார் நாலரை ஆண்டு ஆனது, அதுவும் பெரும்பாலும் நாளுக்குப் பத்து மணி நேரம் உழைத்து. கணக்குப் போட்டால் பதினாறாயிரம் மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் மட்டுமே கிடைக்கிறவருக்கு அதே உழைப்பு 45 ஆண்டு. என் விவசாய விளையாட்டை மூன்றாம் ஆண்டில் நிறுத்தியபோது இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவ்வளவு மனம் உடைந்திருக்க மாட்டேன்.

இரண்டாவது, கேம் ஜாம்: குறித்த நேரத்துக்குள் ஒரு விளையாட்டைச் செய்து முடிக்கும் போட்டி. 2002இல் தொடங்கிய லூடம் டேர் என்ற ஜாமில் தனியாகச் செய்யும் பிரிவுக்கு 48 மணி நேரம், குழுவுக்கு 72. கெடுவை வேறொருவர் வைப்பதுதான் இதன் பலம். சமர்ப்பித்ததும் சக போட்டியாளர்கள் ஆடிப் பார்த்துக் கருத்தும் சொல்வார்கள். ஆனால் வார இறுதி முழுவதும் போய்விடும். அவசரத்தில் எழுதிய நிரலை ஒரு மாதம் கழித்துத் திறந்தால் எனக்கே புரிவதில்லை.

என்னை முடிக்க வைத்தது பிகோ-8 தான். இல்லாத பழைய கேம் கருவி ஒன்றைக் கணினிக்குள் பாவனை செய்யும் மென்பொருள் அது. திரை 128க்கு 128 பிக்சல், நிறங்கள் 16, நிரலுக்கு உச்சவரம்பு 8,192 டோக்கன் (நிரலில் வரும் சொல், குறி போன்ற சிறு அலகு). படம் வரைவது, வரைபடம் அமைப்பது, ஒலி சேர்ப்பது எல்லாம் உள்ளேயே. எந்த எஞ்சின் (விளையாட்டைக் கட்ட உதவும் மென்பொருள்), எந்தப் பாணி ஓவியம் என்று யோசித்தே ஒரு மாதத்தைக் கழிக்க இடமில்லை. செலஸ்ட் 2018இல் பெரிய விளையாட்டாக வருமுன், 2015இல் மேடி தோர்சனும் நோயல் பெர்ரியும் நான்கே நாளில் செய்த பிகோ-8 விளையாட்டாகத்தான் இருந்தது.

என் பட்டம் விடும் விளையாட்டில் டோக்கன் தீர்ந்துபோனதால் கடைத்தெருக் காட்சியை வெட்டினேன். வெட்டிய பிறகுதான் அது தேவையே இல்லை என்று தெரிந்தது. ஏழு வாரத்தில் முடிந்தது.

குறைகளும் உண்டு. பிகோ-8 காசு கொடுத்து வாங்க வேண்டியது. இலவசம்தான் வேண்டுமென்றால் இதே போன்ற டிக்-80 இருக்கிறது. பிகோ-8இல் தமிழ் எழுத்துரு கிடையாது. ஒவ்வோர் எழுத்தையும் படமாக நானே வரைந்தேன். எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் ‘ணை’ அடங்கவில்லை, இரண்டு கட்டம் கொடுக்க வேண்டியிருந்தது. இணையவழிப் பலர் ஆட்டம், நீண்ட கதை என்றெல்லாம் ஆசைப்படுகிறவருக்கு இது போதாது. மற்றபடி, இதுவரை ஒன்றைக்கூட முடிக்காதவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான்.

விவசாய விளையாட்டை அழிக்கவில்லை. அதில் கிணற்று நீர் இறைக்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்துத் தனி விளையாட்டாக எழுதிவருகிறேன். இப்போது 2,900 டோக்கனில் நிற்கிறது. மெனுவை முதலிலேயே எழுதிவிட்டேன்.