புள்ளி போகாமல் கறுப்பு வெள்ளை: ஆறு வருட ஸ்கேன் அனுபவம்

அப்பா சேர்த்து வைத்த புத்தகங்களை ஸ்கேன் செய்ய ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. எல்லாம் அச்சுக்கோத்த காலத்துப் பழுப்புத் தாள்கள். முதல் புத்தகத்தைக் கலரிலேயே எடுத்தேன். 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில், ஒரு ஏ4 பக்கம் 2480க்கு 3508 பிக்சல். சுருக்காமல் வைத்தால் 26 எம்பி. ஜேபெக் ஆக்கியும் பக்கத்துக்கு ஒன்றிரண்டு எம்பி வந்தது. போனில் திறந்தால் திணறும். அப்படி என்ன கலர் அதில் இருக்கிறது? பழுப்பும் தேநீர்க் கறையும்தான்.

பிக்சலுக்கு 24 பிட் என்பதை 1 பிட் ஆக்கினாலே, அதாவது கறுப்பு இல்லையென்றால் வெள்ளை என்று வைத்தாலே, அந்த 26 எம்பி 1.1 எம்பிக்கு இறங்கிவிடும். அதையே டிஃப் (TIFF) என்ற படக் கோப்பில் குரூப் 4 முறையில் சுருக்கினால் எனக்குப் பக்கம் 40, 50 கேபிதான். குரூப் 4 ஃபேக்ஸுக்காக 1984இல் வந்த தரம். மேல் பிக்சல் வரிக்கும் அடுத்த பிக்சல் வரிக்கும் என்ன மாறியது என்பதை மட்டும் எழுதி வைக்கும், எதையும் இழக்காது.

ஆனால் தொடக்கத்தில் எனக்கு அந்த அளவு வரவே இல்லை. படங்களை மாற்றும் இமேஜ்மேஜிக் மென்பொருளில் மோனோக்ரோம் என்று கொடுத்துவிட்டு, கோப்பு ஏன் ஊதிக்கிடக்கிறது என்று விழித்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் தாள் முழுக்க மிளகுப் பொடி தூவியதுபோல் புள்ளிகள். சாம்பல் நிறத்தைப் புள்ளிகளால் காட்டும் டிதரிங் வேலை அது. வரிக்கு வரி எல்லாமே மாறினால் குரூப் 4 என்ன செய்யும், பாவம். டிதரிங்கை விட்டு, ஒரு அளவுக்குக் கீழே கறுப்பு, மேலே வெள்ளை என்று வெட்டியதும் சரியானது.

எங்கே வெட்டுவது என்பது அடுத்த தலைவலி. பக்கம் முழுக்க ஒரே வெளிச்சம் என்றால், மொத்தப் பக்கத்துக்கும் ஒரே வெட்டு அளவைத் தானே கண்டுபிடிக்கும் ஓட்சு முறை போதும். தைத்த ஓரத்தில் நிழல் விழுந்த பக்கங்களில் அது அந்த ஓரத்தையே கரியாக்கிவிடும். அங்கே ஒவ்வொரு பிக்சலுக்கும் அக்கம்பக்கத்தைப் பார்த்து முடிவெடுக்கும் சவோலா முறைதான் கைகொடுத்தது. இரண்டும், ஸ்கேன் பக்கங்களைச் சீர்செய்யும் ஸ்கேன்டெய்லர் அட்வான்ஸ்ட் என்ற மென்பொருளில் உண்டு.

நான் நன்றாக அடிபட்டது அதே மென்பொருளில் தூசுப் புள்ளி நீக்கும் வசதியில். தீவிர நிலையில் வைத்து மூன்று புத்தகங்களை முடித்தேன். பளிச்சென்று இருந்தன. ஒரு மாதம் கழித்துப் படிக்கும்போது 'மனம்' என்ற சொல் 'மனம' என்று நிற்கிறது. பக்கத்துக்குப் பாதி மெய்யெழுத்துகள் மொட்டைத் தலை! 300 டிபிஐயில் அந்தப் புள்ளி நாலைந்து பிக்சல் அகலம்தான். மென்பொருளுக்கு அதுவும் தூசும் ஒன்று. அப்புறம் 600 டிபிஐக்கு மாறினேன், தூசு நீக்குவதை மிகக் குறைந்த நிலையில் வைத்தேன். கோப்பு இரண்டு மடங்கானது, ஆகட்டும். கொஞ்சம் தூசு இருந்தால் யாருக்கு நஷ்டம்?

ஜேபிக் 2 (JBIG2) என்ற இன்னொரு கறுப்பு வெள்ளைச் சுருக்க முறை இன்னும் சிறிதாக்கும். ஆனால் ஒரேபோல் தெரியும் எழுத்துகளுக்கு ஒரே உருவத்தைப் போட்டு மிச்சம் பிடிக்கும் அதன் இழப்பு முறையை நான் தொடுவதில்லை. 2013இல் டேவிட் க்ரீசல் என்ற ஜெர்மானியர், இந்த முறையால் நகல் எந்திரங்கள் 6ஐ 8 ஆக்கிவிடுவதைக் காட்டினார். ரகரமும் துணைக்காலும் அடுத்தடுத்து நிற்கும் நம் எழுத்தில் இது விளையாட்டில்லை. இழப்பில்லாத முறையிலும் ஜேபிக் 2 உண்டு, அது பரவாயில்லை. நான் குரூப் 4 டிஃப்களை அப்படியே பிடிஎஃப்பில் கோத்துவிடுகிறேன். அட்டையும் படங்களும் மட்டும் கலரில்.

அப்பாவின் பென்சில் குறிப்புகள் உள்ள பக்கங்களைச் சாம்பல் நிறத்தில் தனியாக வைக்கிறேன். பென்சில் கோடு வெட்டில் தப்பாது.

அந்த மூன்று புத்தகங்களின் கலர் மூலங்களை, இடம் மிச்சமாகட்டும் என்று அன்றே அழித்திருந்தேன். இரண்டை மறுபடி ஸ்கேன் செய்துவிட்டேன். மூன்றாவதை இரவல் வாங்கிப் போனவர் இன்னும் திருப்பித் தரவில்லை. அதை மட்டும் ஓலைச்சுவடி படிக்கிறவன்போல், புள்ளியை நானே வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன்.