ரேடியேட்டரில் குமிழி வந்தாலே கேஸ்கெட் போச்சா? 1,850 வெள்ளிதான் போச்சு!

கோலாலம்பூர், செந்தூல் பக்கம் ஒரு சின்னப் பட்டறை. பெயர் போடவில்லை, கேட்காதீர்கள். ஹெட் கேஸ்கெட் (இஞ்சினின் மேல்பாகத்துக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போச்சு என்று சொல்லி அக்காவிடம் அங்கே பிடுங்கியது 1,850 வெள்ளி. அந்தக் காருக்கு உண்மையில் தேவைப்பட்டது ரேடியேட்டர் தண்ணீரில் சிக்கிய காற்றை எடுப்பதும் ஒரு ரேடியேட்டர் மூடியும்.

ஆரம்பம் சாதாரண வேலை. ரேடியேட்டரின் மேல் ஹோஸ் வெடித்திருந்தது, மாற்றினார்கள். குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்துக் கடகடவென்று ஊற்றி, மூடியைத் திருகிச் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். அப்படி ஊற்றினால் உள்ளே இருக்கும் காற்று எங்கே போகும்? இஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டிலும், சூடானதும் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் தெர்மோஸ்டாட் பக்கத்திலும் தங்கிவிடும். தெர்மோஸ்டாட் 82 டிகிரி வாக்கில் திறக்க, சூடான தண்ணீர் அதன் மேல் பட வேண்டும். சுற்றிக் காற்று இருந்தால் தாமதமாகத்தான் திறக்கும். வாட்டர் பம்ப்பாலும் காற்றைத் தள்ள முடியாது. காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா ஏற்றத்தில் இஞ்சின் சூட்டுக்கான சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. ரிசர்வ் டேங்கில் தண்ணீர் கொஞ்சமும் குறையவில்லை, ரேடியேட்டரோ பாதி காலி. மூடியின் ரப்பர் போய்விட்டால் இப்படித்தான்: இஞ்சின் ஆறும்போது டேங்கிலிருந்து தண்ணீரை உறிஞ்சாது.

காரை இழுத்துக்கொண்டு அதே பட்டறைக்குப் போனால், மெக்கானிக் மூடியைக் கழற்றி இஞ்சினை ஓடவிட்டுக் காட்டியிருக்கிறான். "பாருங்க அக்கா, எப்படி பொங்குது. ஹெட் கேஸ்கெட் போச்சு. வெளியில 3,000 கேப்பாங்க. நம்ம ஆளு, உங்களுக்கு 1,850 போதும்." தமிழில் பேசினான், கண்ணெதிரே குமிழியும் வந்தது. யார்தான் நம்ப மாட்டார்கள்?

அந்தக் குமிழி அவனே அடைத்துவிட்ட காற்று! தண்ணீர் மாற்றிய பிறகு வரும் காற்று பெரிய பெரிய குமிழியாக, விட்டுவிட்டு வரும். ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்பதற்குள் அடங்கிவிடும். கேஸ்கெட் போனதென்றால் அடங்கவே அடங்காது, ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்கக் கூடும். ஆறிய இஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகும். சந்தேகமென்றால் நீலத் திரவத்தை ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் சோதனை இருக்கிறது. எரிந்த வாயு கலந்திருந்தால் மஞ்சளாகும். அந்தச் சோதனையை அவன் செய்யவே இல்லை.

1,850 வெள்ளி கட்டிக் காரை எடுத்த பிறகும் சூடு குறையவில்லை. பானெட்டைத் திறந்து பார்த்தால், ஹெட்டுக்கு மேலே மூடியிருக்கும் வால்வ் கவரின் போல்ட்டுகளைச் சுற்றிப் பழைய எண்ணெய் அழுக்கு தூசியோடு அப்படியே உறைந்து கிடக்கிறது. ஒரு போல்ட்டின் தலையில்கூட ஸ்பானர் பட்ட பளபளப்பு இல்லை. இந்த இஞ்சினில் அந்தக் கவரைக் கழற்றாமல் ஹெட் போல்ட்டைத் தொடவே முடியாது. அப்புறம் கேஸ்கெட்டை எப்படி மாற்றினான், மந்திரம் போட்டா?

கேட்டால் தட்டிக்கழிப்பு. பாஸ் வெளியூர் போயிருக்கிறார். பழைய கேஸ்கெட்டைப் பழைய இரும்புக்காரன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். வாரண்டி கேஸ்கெட்டுக்குத்தான், சூடாவதற்கு இல்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை.

வேறு இடத்தில் முறையாகச் செய்தது இவ்வளவுதான். இஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, முன்பக்கம் உயரமாக இருக்கும்படி காரை நிறுத்தி, ரேடியேட்டர் வாயில் புனல் வைத்து, தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட்டை மெதுவாக ஊற்ற வேண்டும். மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டால் சிக்கிய காற்று மேலே வரும். மூடி இல்லாமலே இஞ்சினை ஓடவிட்டு, மட்டம் இறங்க இறங்க ஊற்ற வேண்டும். கீழ் ஹோஸும் சூடானால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று அர்த்தம். ஃபேன் இரண்டு தடவை ஓடி நின்று, குமிழி அடங்கியதும் மூடியைப் போட வேண்டும். மறுநாள் காலையில், ஆறிய பிறகு, மட்டத்தை மறுபடி பார்த்தே ஆக வேண்டும். யூடியூபில் ஹீட்டரை முழுச் சூட்டில் வைக்கச் சொல்வார்கள். நம் ஊர்க் கார்கள் பலவற்றில் ஹீட்டரே கிடையாது, அதைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். புது மூடியைப் பழையதில் அச்சடித்திருக்கும் அழுத்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். 1.1 என்றிருந்தால் 1.1, அதற்கு மேலும் வேண்டாம், கீழும் வேண்டாம்.

இனி எச்சரிக்கை. பட்டதைச் சொல்கிறேன். சூடான மூடியைத் திறக்கவே கூடாது. கேஸ்கெட் என்று சொன்னால் நீலத் திரவச் சோதனையைக் கண்ணெதிரே செய்யச் சொல்லுங்கள். வேலைக்கு முன்பே வால்வ் கவரைப் படம் எடுத்து வையுங்கள். பழைய பாகம் கைக்கு வராமல் காசு கொடுக்காதீர்கள். ரசீதில் "டாப் ஓவர்ஹால் 1,850" என்று ஒரே வரியில் எழுதினால் வாங்காதீர்கள், பாகத்துக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். அந்த ரசீது இருந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் போடலாம்; 50,000 வெள்ளி வரையிலான வழக்கை எடுப்பார்கள், வக்கீல் தேவையில்லை. அக்காவின் படிவம் திங்கட்கிழமை போகிறது.