மெக்செய்ன் வேதவாசிப்பு அட்டவணை: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

ஒரு வருடத்தில் வேதாகமத்தை வாசித்து முடிக்க நம் சபைகளில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு எளிமையானது. வாரநாட்களில் மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து. வாரத்துக்கு 23, ஐம்பத்திரண்டு வாரத்துக்கு 1196. அறுபத்தாறு புத்தகங்களிலும் சேர்த்து இருப்பது 1189 அதிகாரம். கணக்கில் குறையே இல்லை. ஆனாலும் புத்தாண்டு ஆராதனையில் தீர்மானம் எடுப்பவர்களில் பலர் பிப்ரவரியைத் தாண்டுவதில்லை.

காரணம் சோம்பல் மட்டுமல்ல. ஆதியாகமத்திலிருந்து வரிசையாகப் போனால், ஜனவரி கடைசி வாரத்தில் ஆசரிப்புக்கூடாரத்தின் முழ அளவுகள் வந்துவிடும். மாதம் முடிவதற்குள் லேவியராகமத்தின் பலிமுறைகள், பிப்ரவரி முதல் வாரத்தில் எண்ணாகமத்தின் குடிமதிப்பு. இவற்றுக்கு நடுவே மூச்சுவிட ஒரு சங்கீதம்கூடக் கிடையாது. எல்லாவற்றையும் தாண்டி ஒரு நாளும் தவறாமல் வாசிப்பவர்கூட மத்தேயு முதல் அதிகாரத்தைத் தொடுவது அக்டோபர் இரண்டாம் வாரத்தில்தான். வருடத்தின் முக்கால் பங்கு சுவிசேஷம் இல்லாத வேதவாசிப்பு ஒரு கிறிஸ்தவருக்கு நல்லதல்ல. முதல் முறையாக வாசிக்கும் எவருக்கும் இந்த நேர்வரிசையைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இதற்கு மாற்றாகப் பல ஆண்டுகள் பயன்படுத்திப் பார்த்து நம்பிக்கையோடு சொல்லக்கூடியது ராபர்ட் மரே மெக்செய்ன் தயாரித்த அட்டவணை. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் புனித பேதுரு ஆலயப் போதகராக இருந்தவர் அவர். 1842ஆம் ஆண்டின் முடிவில், தன் சபையார் அனைவரும் ஒரே நாளில் ஒரே பகுதியை வாசிக்க வேண்டும் என்று இதைத் தொகுத்தார். அடுத்த மார்ச் மாதமே, 29 வயதில் இறந்துபோனார். அட்டவணை இன்றுவரை உலகம் முழுவதும் புழக்கத்தில் இருக்கிறது.

நாளொன்றுக்கு நான்கு பகுதிகள், பெரும்பாலும் பகுதிக்கு ஓர் அதிகாரம். ஜனவரி 1 அன்று ஆதியாகமம் 1, மத்தேயு 1, எஸ்றா 1, அப்போஸ்தலர் 1. படைப்பின் தொடக்கம், இயேசுவின் பிறப்பு, சிறையிருப்பிலிருந்து திரும்பும் ஜனம், சபையின் தொடக்கம் என்று நான்கும் ஆரம்பங்களே. டிசம்பர் 31 அன்று 2 நாளாகமம் 36, வெளிப்படுத்தல் 22, மல்கியா 4, யோவான் 21. வருடத்தில் பழைய ஏற்பாடு ஒரு முறை முடியும். புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இரண்டு முறை முடியும். மொத்தம் 1599 அதிகாரங்கள், சராசரியாக நாளுக்கு நான்கரைக்குச் சற்றுக் குறைவு. நிதானமான மௌன வாசிப்புக்கு இருபது முதல் இருபத்தைந்து நிமிடம் போதும். எண்ணாகமம் 7 (89 வசனம்) போன்ற பெரிய அதிகாரங்கள் வரும் நாளில் அரை மணி நேரத்தைத் தாண்டும்.

முதல் இரண்டு பத்திகள் (நெடுவரிசைகள்) குடும்ப வாசிப்புக்கு, அடுத்த இரண்டும் தனி வாசிப்புக்கு என்று மெக்செய்ன் பிரித்திருக்கிறார். இந்தப் பிரிவினை நம் வீடுகளுக்கு அப்படியே பொருந்தும். இரவு குடும்ப ஜெபத்தில் முதல் இரண்டு, காலை தனித் தியானத்தில் மற்ற இரண்டு. இந்த அட்டவணையின் சிறப்பே, இதில் பாதியை எடுத்தாலும் அது முழுமையாக நிற்பதுதான். குடும்பப் பத்திகளில் ஆதியாகமம் முதல் 2 நாளாகமம் வரையிலான 403 அதிகாரங்களும், புதிய ஏற்பாடு முழுவதும், சங்கீதங்கள் முழுவதும் இருக்கின்றன. தனிப் பத்திகளில் எஸ்றா முதல் மல்கியா வரை (சங்கீதம் நீங்கலாக 376 அதிகாரங்கள்), மறுபடியும் புதிய ஏற்பாடு, மறுபடியும் சங்கீதங்கள். நான்கு பகுதி முடியாதவர்கள் இந்த வருடம் முதல் பாதி, அடுத்த வருடம் மறுபாதி என்று வைத்துக்கொள்ளலாம். கைக்குழந்தை உள்ள தாய்க்கும் இரவுப்பணி பார்க்கிறவருக்கும் இதுவே சரியான வேகம்.

தயாரிப்பில் கவனிக்க வேண்டியவை சில. அட்டவணை ஆங்கிலச் சுருக்கெழுத்தில்தான் பெரும்பாலும் கிடைக்கும். ஒவ்வொரு மாதத்தையும் தமிழ்ப் புத்தகப் பெயர்களோடு கைப்பட எழுதி வேதாகமத்தின் முன்னட்டை உள்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். கட்டோடு வரும் ஒரே நாடா போதாது. நான்கு நிறத்தில் நான்கு ரிப்பன் துண்டுகள் வேண்டும், இல்லையென்றால் பக்கம் தேடுவதிலேயே கவனம் கலைந்துவிடும். வேதாகமத் தாள் மெல்லியது. ஜெல் பேனா மறுபக்கம் ஊறும்; கலர் பென்சில்தான் பாதுகாப்பு. தினமும் நான்கு அதிகாரம் என்றால் பொடி எழுத்து கண்ணை வருத்தும். வாங்கும்போது பெரிய எழுத்துப் பதிப்பாகவே வாங்குங்கள், எடை கூடினாலும் பரவாயில்லை.

வாசிப்புக்கு 1871இன் மொழிபெயர்ப்பிலிருந்து வந்து இன்றும் புழங்கும் ஓ.வி. (பழைய மொழிபெயர்ப்பு) வேதாகமமே போதும். மனப்பாட வசனமும் ஞாயிறு பிரசங்கமும் அந்த நடையிலேயே காதில் விழுவதால் வாசித்தது மனதில் தங்கும். தீர்க்கதரிசனப் புத்தகங்களிலும் பவுலின் நீண்ட வாக்கியங்களிலும் சிக்கும்போது பக்கத்தில் 1995இன் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தைத் திறந்து வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். யூவெர்ஷன் செயலியில் இந்த அட்டவணையும் தமிழ் வேதாகமமும் இருக்கின்றன. பயணத்தில் பெரிய உதவி. ஆனால் கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு வாசியுங்கள். வாட்ஸாப் செய்தி ஒன்று வந்தால் எரேமியா அங்கேயே நின்றுவிடுவார். ஒலி வேதாகமம் வம்சவரலாறுகளுக்கு மிகவும் ஏற்றது. 1 நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரங்களைக் கண்ணால் வாசிப்பதைவிட, பக்கத்தைப் பார்த்தபடி கேட்பது நல்லது.

இனி, எங்கே தடுக்கிறது என்பது. அனுபவத்தில் முதலிடம் பாக்கிக்குத்தான். இந்த அட்டவணை தேதியோடு கட்டப்பட்டது. காய்ச்சலிலோ கல்யாண வீட்டிலோ மூன்று நாள் விட்டால் பன்னிரண்டு, பதின்மூன்று அதிகாரம் சேர்ந்துவிடும். அதை ஒரே இரவில் தீர்க்க முயல்வதுதான் தவறு. கண் ஓடும், மனம் ஓடாது. ஒரு வாரத்தில் வாசிப்பே நின்றுபோகும். எந்த நாளாக இருந்தாலும் அந்தத் தேதிக்குரிய பகுதியை முதலில் வாசியுங்கள். விட்டதைப் பென்சிலில் வட்டமிட்டு வையுங்கள். நேரம் கிடைக்கும்போது கதைத்தொடர் உள்ள முதல் பத்தியை மட்டும் நிரப்புங்கள், ஏனென்றால் யோசேப்பின் சரித்திரத்திலோ தாவீதின் சரித்திரத்திலோ இடைவெளி விழுந்தால் அடுத்தது புரியாது. சங்கீதமும் புதிய ஏற்பாடும் அந்த வருடத்திலேயே மறுபடி வரும், விட்டுவிடலாம். பிப்ரவரி 29க்கு அட்டவணையில் பகுதி இல்லை. அந்த நாள் கிடைத்தால் பாக்கிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, அதிகார எல்லை. அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில் வந்தவை, எழுதியவர்கள் போட்டவை அல்ல. துன்பப்படும் தாசனைப் பற்றிய பகுதி ஏசாயா 52:13லேயே தொடங்கிவிடுகிறது. 53 என்ற எண் அதை நடுவில் வெட்டுகிறது. 1 கொரிந்தியர் 11:1 உண்மையில் பத்தாம் அதிகாரத்தின் கடைசி வாக்கியம். ஒவ்வொரு நாளும் முந்தைய அதிகாரத்தின் கடைசி மூன்று வசனங்களைச் சேர்த்து வாசித்தால் இந்தக் குறை பெருமளவு நீங்கும்.

மூன்றாவது ஆபத்து உள்ளே இருப்பது. மெக்செய்ன் தானே அட்டவணையோடு எச்சரிக்கைகளையும் எழுதி வைத்தார்: சடங்காக வாசித்தல், வாசித்துவிட்டோம் என்ற சுயநீதி, அக்கறையற்ற வாசிப்பு, சிலருக்கு இதுவே சுமக்க முடியாத நுகமாகிவிடுதல். நான்கும் இன்றைக்கும் அப்படியே நடக்கின்றன. செயலியில் தொடர்நாள் எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்து வரும் திருப்தி இரண்டாவதன் புது வடிவம். இதற்கு மருந்து சின்ன நோட்டு ஒன்று. நாளுக்கு இரண்டே வரி: இன்றைய பகுதிகளில் தேவனைப் பற்றி அறிந்தது ஒன்று, இன்று கீழ்ப்படிய வேண்டியது ஒன்று. புரியாத கேள்விகளுக்குக் கடைசிப் பக்கங்களை ஒதுக்குங்கள். நான்கு பகுதிக்கும் குறிப்பு எழுத ஆசைப்பட்டால் மார்ச் மாதத்துக்குள் நோட்டும் நிற்கும், வாசிப்பும் நிற்கும்.

இவ்வளவு சிரமத்துக்கும் என்ன பலன்? முதல் வருடத்தில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்றே சொல்வேன். முதல் சுற்றில் நிலப்படம்தான் கிடைக்கும்: எந்த இராஜா எப்போது, எந்தத் தீர்க்கதரிசி யாரிடம் பேசினார் என்பது. இரண்டாம் சுற்றிலிருந்துதான் பகுதிகள் ஒன்றோடொன்று பேச ஆரம்பிக்கின்றன.

பிப்ரவரியில் லூக்கா 2ல் மரியாளும் யோசேப்பும் ஒரு ஜோடு காட்டுப்புறாவையோ இரண்டு புறாக்குஞ்சுகளையோ செலுத்த வருகிறார்கள். ஏப்ரலில் லேவியராகமம் 12 வரும்போதுதான் தெரிகிறது, அது ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாத ஏழைப் பெண்ணுக்கான பலி. உலக இரட்சகர் பிறந்த வீட்டின் வறுமையைச் சுவிசேஷகன் வெளிப்படையாகச் சொல்லவே இல்லை, லேவியராகமம் சொல்கிறது. லேவியராகமம் முடிந்த மூன்றாம் நாளில் எபிரெயர் நிருபம் தொடங்கும். பிரதான ஆசாரியன், இரத்தம், மகா பரிசுத்த ஸ்தலம் என்ற வார்த்தைகள் அப்போது மனதில் புதிதாகவே இருக்கும், அந்த நிருபம் முதல் முறையாகத் திறக்கும். எண்ணாகமம் 21ன் வெண்கலச் சர்ப்பத்தை யோவான் 3ல் ஆண்டவர் தமக்கு ஒப்பிடுகிறார். அதே சர்ப்பத்துக்கு ஜனங்கள் தூபம் காட்டத் தொடங்கியபோது எசேக்கியா அதை உடைத்துப்போட்டான் என்று 2 இராஜாக்கள் 18 சொல்கிறது. தேவன் தந்த நல்ல பொருளும் விக்கிரகமாகும் என்ற எச்சரிக்கை இந்த மூன்றையும் ஒரே வருடத்தில் வாசிப்பவருக்குத் தானாகக் கிடைக்கும். எல்லோரும் தாண்டிப்போகும் லேவியராகமத்திலிருந்துதான் "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்ற கட்டளையை இயேசுவும் பவுலும் யாக்கோபும் எடுத்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றிய இன்னொரு வாசிப்பு முறையையும் இங்கே பேசியாக வேண்டும். அது புத்தாண்டு வாக்குத்தத்த அட்டை, நாட்காட்டி வசனம். அவற்றால் ஆறுதல் அடைந்தவர்கள் ஏராளம், அந்த ஆறுதல் பொய்யல்ல. ஆனால் அது மட்டுமே ஆகாரமாக இருந்தால் வளர்ச்சி நின்றுவிடும். எரேமியா 29:11 எத்தனையோ வீட்டுச் சுவர்களில் தொங்குகிறது: தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள். ஆகஸ்ட் தொடக்கத்தில் அந்த அதிகாரத்தை முழுதாக வாசிப்பவர் அதற்கு முந்தைய வசனத்தையும் பார்ப்பார். எழுபது வருஷம் முடிந்தபின்பு என்கிறது அது. அந்த அதிகாரம், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். அதைப் பெற்றவர்களில் பலர் பாபிலோனிலேயே மரித்திருப்பார்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று அவர்களுக்குக் கட்டளை. இப்படி வாசிக்கும்போது வாக்குத்தத்தம் சிறுத்துப்போவதில்லை. வேலை கிடைக்காத மூன்றாம் வருடத்திலும் பிடித்துக்கொள்ளும் பலம் அதற்கு வருகிறது. 88ஆம் சங்கீதம் எந்த அட்டையிலும் வராது. ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் முடிகிற ஜெபம் அது. வருடத்துக்கு இரண்டு முறை அதை வாசித்திருப்பவர், துக்க வீட்டில் அவசரப்பட்டு உபதேசம் செய்ய மாட்டார்.

தொடர்ந்து வாசிப்பவரிடம் வெளியே தெரியும் மாற்றங்கள் அமைதியானவை. ஜெபத்தில் கேட்பது குறைந்து துதியும் அறிக்கையும் பரிந்துபேசுதலும் கூடுகின்றன, ஏனென்றால் சங்கீதங்கள் நாவைப் பழக்கியிருக்கின்றன. மேடையில் ஒரு வசனம் இடம் மாற்றிப் பிரசங்கிக்கப்பட்டால் காது அதைக் கண்டுகொள்கிறது. கூலியாளின் கூலியைப் பொழுது போகுமுன் கொடு என்ற உபாகமம் 24, வீட்டு வேலை செய்பவரின் சம்பளத் தேதியைத் தொடுகிறது. யூதரல்லாதவர்களோடு உண்ட பந்தியிலிருந்து பேதுரு விலகியதைப் பவுல் முகமுகமாய்க் கண்டித்த கலாத்தியர் 2ஐ வருடத்துக்கு இருமுறை வாசித்துவிட்டு, கல்யாணத்துக்கும் கல்லறைக்கும் சாதி பார்ப்பதை நியாயப்படுத்துவது கடினம். வாசித்தும் இங்கே மாறாதவர்கள் உண்டு. வாசிப்பு மனந்திரும்புதலுக்குப் பதிலாகாது, சபையின் ஐக்கியத்துக்கும் பதிலாகாது. பரிசுத்த ஆவியானவரின் உதவியைக் கேட்டுத் திறக்காத வேதம் தகவலாக மட்டும் தங்கிவிடும்.

புதிதாக விசுவாசத்துக்குள் வந்தவருக்கு இந்த அட்டவணை வேண்டாம். இரண்டாம் நாளே எஸ்றா 2ன் பெயர்ப்பட்டியல் வந்து நிற்கும். அவர்கள் மாற்குவின் 16 அதிகாரங்களை நாளுக்கு ஒன்றாக வாசித்து, பிறகு லூக்காவும் அப்போஸ்தலரும் சேர்த்து 52 நாள் போகட்டும். பெரிய இழப்பில் இருப்பவர்கள், நோயில் கிடப்பவர்கள், நாளுக்கு ஒரு சங்கீதம் மெதுவாக வாசித்தால் போதும். மற்றவர்கள் ஜனவரிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அட்டவணையில் இன்றைய தேதியைப் பார்த்து, முதல் இரண்டு பத்திகளை மட்டும் இன்று இரவு குடும்ப ஜெபத்தில் எடுங்கள். பிள்ளைகள் மாறிமாறிச் சத்தமாக வாசிக்கட்டும், பெரியவர்கள் திருத்தாமல் கேட்கட்டும்.