மயிர்க்காலின் அடி வரை மருந்தைக் கொண்டுபோவது எது?

முடி வளரத் தலையில் தடவும் மினாக்ஸிடில் லோஷனைப் பயன்படுத்தியவர்களுக்குத் தெரியும்: காய்ந்தபின் முடி பிசுபிசுக்கும், சிலருக்கு அரிக்கும். அரிப்புக்குப் பல நேரம் காரணம் மருந்தே அல்ல, அதைக் கரைக்கச் சேர்க்கும் புரோப்பிலீன் கிளைக்கால். தண்ணீரில் மினாக்ஸிடில் சரியாகக் கரையாது என்பதால்தான் அது தேவைப்படுகிறது. இத்தனைக்கும் தடவியதில் பெரும்பகுதி தோலின் மேலடுக்கைத் தாண்டுவதில்லை. போய்ச் சேரவேண்டிய மயிர்க்கால் அடியோ சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. கொழுப்பு நானோ துகள்கள் அங்கே கொண்டுபோகும் என்கிறார்கள். ஆனால் அந்த ஒரே பெயருக்குள் குணத்தில் ரொம்பவே வேறுபட்ட பொருள்கள் ஒளிந்திருக்கின்றன.

மூத்தது லிப்போசோம். 1960களிலேயே அறியப்பட்ட கொழுப்புக் குமிழி இது. தோலில் பட்டதும் பெரும்பாலும் உடைந்து மேலடுக்கிலேயே கலந்துவிடும். இதில் நிறைய எத்தனால் (ஆல்கஹால்) சேர்த்து நெகிழ வைத்ததுதான் எத்தோசோம். எத்தனால் தோலின் கொழுப்பையும் தளர்த்துவதால் ஆழமாகப் போகிறது. மினாக்ஸிடிலுக்கு இது பொருத்தமே. ஆனால் லோஷனால் ஏற்கெனவே தலை வறண்டு எரிகிறவருக்கு இன்னும் எத்தனாலா?

எனக்குச் சுவையாகப் படுவது அடுத்த ஜோடி. திடக் கொழுப்புத் துகள் உடல் சூட்டிலும் உருகாத கொழுப்பால் ஆனது. செய்த அன்று நன்றாகத்தான் இருக்கும். நாள் போகப் போக கொழுப்பு மூலக்கூறுகள் வரிசையாக அடுக்கிக்கொண்டு, இடையில் இருந்த மருந்தை வெளியே தள்ளிவிடும். இதற்கு மாற்றாக 1990களின் இறுதியில் வந்தவர்கள் திடக் கொழுப்போடு கொஞ்சம் எண்ணெயைக் கலந்தார்கள். அடுக்கு ஒழுங்காக அமையாமல் போனது. அந்த ஒழுங்கின்மையிலேயே மருந்துக்கு இடம் கிடைத்தது. இரண்டில் ஒன்று என்றால் என் ஓட்டு இந்தக் கலப்புத் துகளுக்குத்தான்.

அதிலும் எந்த மருந்து என்று பார்க்கவேண்டும். மினாக்ஸிடிலுக்குக் கொழுப்போடு அவ்வளவு ஒட்டுதல் கிடையாது, துகளை விட்டு நழுவும். முடி உதிர்வுக்குத் தரும் வேறு இரு மருந்துகளான ஃபினாஸ்டிரைடும், அதைவிட டியூடாஸ்டிரைடும் கொழுப்பில் நன்றாகக் கரைபவை. மாத்திரையாக விழுங்கினால் டியூடாஸ்டிரைடு ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் 5 வாரம் ஆகும். அதை மயிர்க்காலிலேயே நிறுத்தி வைக்க முடிந்தால் லாபம் பெரிது.

அளவு விஷயத்தில் விளம்பரங்கள் குழப்புகின்றன. சின்னது என்றால் ஆழமாகப் போகும் என்பது இங்கே பொருந்தாது. பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனையில் லாடமான் குழுவினர் பன்றிக் காதுத் தோலில் தேய்த்துப் பார்த்தபோது, மயிர்க்காலுக்குள் ஆழமாகப் போனவை சுமார் 600 நானோமீட்டர் துகள்கள். முடியின் மேல் உள்ள செதில்கள் அசையும்போது பல்சக்கரம்போல் துகள்களை உள்ளே தள்ளுகின்றன என்பது அவர்கள் தந்த விளக்கம். அதே குழுவினர் மனிதத் தோலில் செய்த இன்னொரு சோதனையில், சுமார் 320 நானோமீட்டர் துகள்கள் மயிர்க்காலுக்குள் 10 நாள் வரை தங்கின. துகளாக இல்லாமல் தடவிய சாயம் 4 நாளில் போய்விட்டது. ஆக, தடவியபின் மசாஜ் செய்வது வெறும் சடங்கல்ல.

கோவிட் தடுப்பூசியில் வந்த கொழுப்பு நானோ துகளும் இந்தப் பேச்சில் அடிபடுகிறது. அது ஆர்.என்.ஏ. என்னும் மரபுச் செய்தி மூலக்கூறைச் செல்லுக்குள் இறக்குவதற்காகச் செய்யப்பட்டது. செல்லுக்குள் இருக்கும் அமிலப் பைக்குள் போனதும் மின்னேற்றம் பெற்று, பையை உடைத்துச் சரக்கை வெளியே விடும். அருமையான வேலைதான், ஆனால் ஊசி இல்லாமல் தோலைத் தாண்டுவது கடினம். வழுக்கைக்கு இந்த வழியில் அங்கீகாரம் பெற்ற மருந்து இன்னும் இல்லை.

சரி, நானோவே இல்லாத போட்டியாளர்கள்? அரிப்புதான் பிரச்சினை என்றால் புரோப்பிலீன் கிளைக்கால் இல்லாத மினாக்ஸிடில் நுரை போதும். ஃபினாஸ்டிரைடு 1 மில்லிகிராம் மாத்திரைக்கு 1997 முதல் மனிதர்களிடம் கண்ட அனுபவம் இருக்கிறது. நானோ தரப்பின் சான்றுகளோ பெரும்பாலும் பன்றித் தோலும் எலிகளும். தடவுவதென்றால் பக்கவிளைவு வராது என்றும் எண்ணவேண்டாம். மருந்துக்கடைகளில் கலந்து தரும் ஃபினாஸ்டிரைடு பூச்சுகள் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2025இல் எச்சரித்தது. நன்றாக ஊடுருவும் துகள் ரத்தத்திலும் நன்றாகக் கலக்கக்கூடும்.

அப்புறம் இன்னொன்று. மினாக்ஸிடில் வேலை செய்ய, மயிர்க்காலில் உள்ள ஒரு நொதி அதைச் சல்ஃபேட்டாக மாற்றவேண்டும். அந்த நொதி குறைவாக இருப்பவருக்கு எந்தத் துகளில் ஏற்றி அனுப்பினாலும் மருந்து அங்கே போய்ச் சும்மாதான் இருக்கும்.