மல்டிமீட்டரா, சமனச்சுற்றா?

மின்தடையை அளக்க இரண்டில் எது நல்லது? தடையின் அலகு ஓம். 1 ஓம் கம்பிச்சுருளை மல்டிமீட்டரில் அளந்தால் 1.3 என்று காட்டும். மீட்டர் வயர்களின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள்: 0.3. அது அந்த வயர்களின் தடை. கழித்துக்கொண்டால் சரி. ஆயிரக்கணக்கான ஓம் அளக்கும்போது இதைக் கண்டுகொள்ளவே வேண்டாம்.

வீட்ஸ்டன் சமனச்சுற்றின் வழி வேறு. 1833-இல் கிறிஸ்டி என்ற ஆங்கிலேய விஞ்ஞானி சொன்னது. 1843-இல் வீட்ஸ்டன் பிரபலமாக்கியதால் பெயர் அவருக்குப் போய்விட்டது! தெரிந்த தடையோடு தெரியாததை ஒப்பிட்டு, சிறு மின்னோட்டத்தையும் காட்டும் கால்வனோமீட்டரின் முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். முள் அசையாதபோது தடைகளின் விகிதம் மட்டுமே கணக்கு. பேட்டரி கொஞ்சம் இறங்கியிருந்தாலும் விடை மாறாது. பள்ளி ஆய்வகத்தின் மீட்டர் சமனச்சுற்றில் ஒரு மீட்டர் நீளக் கம்பி இருக்கும்; வலப்பக்கம் 2 ஓம் வைத்து, கம்பியின் இடமுனையிலிருந்து 33.3 செ.மீ.-இல் சமநிலை வந்தால், இடப்பக்கம் இருப்பது 1 ஓம். கம்பியைத் தொட்டுப் பார்க்கும் முனையான ஜாக்கியை மட்டும் அதில் தேய்த்து இழுக்காதீர்கள். கம்பி தேய்ந்தால் கணக்கே கெடும்.

ஆனால் இணைப்பு வயர்களின் தடை இதிலும் சேரும். 1 ஓமுக்கும் கீழே போனால் மிகக் குறைந்த தடைகளுக்கென்றே உள்ள கெல்வின் இரட்டைச் சமனச்சுற்றுதான். ரிப்பேர் மேசைக்கு நான் மல்டிமீட்டரைத்தான் எடுப்பேன்; முள்ளோடு மல்லுக்கட்ட அங்கே யாருக்கு நேரம்?